பாலத்தடியில் வாங்கிய சட்டை

நாவற்குடாவில் வாவிக்கரையோரம் எரிகிற இரண்டு சுண்ணாம்புச் சூளைகளும் நான் கட்டியவை. சிப்பி ஏற்றும் மூன்று வள்ளங்களும் நான் வாங்கியவை. எட்டு ஜன்னல் வைத்த ஓட்டு வீடு என்னுடையது. அதன் சுவருக்குச் சாந்து குழைத்ததும் நானே. இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். தகப்பன் விட்டுப்போனது ஒரு கிழிந்த வலையும் அம்மாவின் இருமலும்தான். பன்னிரண்டு வயதில் வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிப்பி அள்ளத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் எழும்பிய கல்வீடுகளில் பாதிக்கு வெள்ளை பூசியது என் சுண்ணாம்பு. அரசாங்க அலுவலகமான கச்சேரியின் சுவருக்கும் அதுதான்.

எல்லாவற்றிலும் பெரியது மைதானம். இன்று பொடியன்கள் சப்பாத்துப் போட்டு ஓடுகிற அந்த நிலம் அப்போது கண்ணாமரமும் உவர்ச் சேறுமாய்க் கிடந்தது. எருமை இறங்கினால் ஏறாது. சூளையில் கழிந்த சிப்பித் தூளையும் சாம்பலையும் மூன்று வருஷம் வண்டி வண்டியாகக் கொட்டினேன். மேலே வயல் மண் போட்டு, மரக்குற்றியைக் கயிற்றில் கட்டி மாட்டோடு மாடாக நானும் இழுத்து மட்டப்படுத்தினேன். கோல் கம்பத்துக்குப் பனை தறித்தது நான். கோடு போட்டது என் சுண்ணாம்பு. "சுண்ணாம்புக்காரன்ட கூட்டம் வருது, வெத்திலைய எடுத்து வைங்கோ" என்று நகரத்தார் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே மைதானத்தில்தான் பந்தடிக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு, கழகத்துக்காரர்கள் மைதான வாசலில் ஒரு கல் நாட்டப் போகிறார்கள். எங்கள் முதல் கோல்கீப்பரின் நினைவுக்கு. "பொப்பிப் பூக் குத்த மறுத்தமைக்காக வெள்ளைத்துரையால் விலக்கப்பட்ட வீரன்" என்று அதில் வெட்டுவதாம். அதற்கு மேலே ஒரு பூவரசம் பூ. செயலாளர் தாளைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கல்லில் இரண்டு பொய் இருக்கிறது. ஒன்று அந்தப் பூ. மற்றது, அவனை விலக்கியது துரை அல்ல, நான். அதைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் என் சூளையில் வேலை செய்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அவன் காத்தான்குடி நெசவுக்காரன். நூலுக்கு நீலச் சாயம் போடுகிற தொட்டிக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று முதன்முதலில் என் சூளைக்கு வந்தான். ஒல்லி ஆள், என் வயதுதான். நான் சூளை மேலே நின்று வெறும் ஓலைக் கடகத்தைக் கீழே எறிந்தேன், அவன் நிற்பதைப் பார்க்காமல். முகத்துக்கு நேரே போனதை ஒற்றைக் கையால் பிடித்தான். பிடித்துவிட்டுச் சும்மா நின்றான். எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன்.

"விடிஞ்சா பொழுதுபட்டா தறியில ஓடுற நாடாவப் பிடிக்கிற கை மச்சான். கடகம் பெரிசு. நாடாதான் சின்னது" என்றான்.

அன்றைக்கே அவனை என் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினேன். அந்தக் கண் எனக்கு இருந்தது. ஆளைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்தை நான் சேர்த்தேன், ஒன்றாக்கியது அவன். எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்பு விளையாட்டு நடக்கும். இரண்டு கொம்பை ஒன்றோடொன்று கொழுவி, ஊர் வடசேரி தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கயிறு பிடித்து இழுக்கும். எந்தச் சேரிக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரிக்கு வசைப்பாட்டு. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. நான் வடசேரி. என் பெண்சாதி தென்சேரி. கொம்பு நாட்களில் என் வீட்டுக்குள்ளேயே எனக்கு வசை விழும். அது முடிந்தால் எல்லோரும் ஒரே பாயில் இருந்து சாப்பிடுவோம். ஆனால் பந்து என்று வந்தபோது, வடசேரிக் கால் தென்சேரிக் காலுக்குப் பந்து கொடுக்கவில்லை. முதல் வருஷம் முழுக்க எங்களுக்குள் இரண்டு கூட்டம் விளையாடியது. நான் கத்தினேன், அடித்தும் பார்த்தேன். நடக்கவில்லை.

அவனுக்குச் சேரி கிடையாது. கொம்பு அவர்களுடைய விளையாட்டு அல்ல. அதனால் இரண்டு சேரியும் அவன் சொன்னால் கேட்டது. கோலுக்குள் நின்றபடியே "வடக்க குடு", "தெக்க குடு" என்று திசையைச் சொல்லுவான், ஆளைச் சொல்லமாட்டான். கொஞ்ச நாளில் கால்கள் பழகிவிட்டன. பிறகு நாங்கள் தோற்றது குறைவு. பதினொரு பேருக்கும் சட்டைத் துணி அவன் தறியில் நெய்தான். வெள்ளைத் துணி, கைமுட்டில் நீலக் கரை. நூல் வாங்கிக் கொடுத்தது நான். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அவனுடைய காக்கா, அதாவது மூத்த சகோதரன், முந்தின பெரிய சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு வேலையாளாக பஸ்ராவுக்குப் போனவர். கூடாரம் அடிக்க, கக்கூஸ் கழுவ. அங்கிருந்து ஒரு தகரப் பெட்டியில் பேரீச்சம்பழம் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உம்மா வருஷா வருஷம் கச்சேரிப் படியில் போய் நிற்பா. இடாப்பில் அப்படி ஒரு பேர் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தகரப் பெட்டி அவர்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் இருந்தது. ஊசியும் நூலும் போட்டு வைப்பார்கள். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பொப்பிப் பூ என்பது அந்தச் சண்டையில் செத்த பட்டாளத்துக்காகக் கார்த்திகை மாதத்தில் நெஞ்சில் குத்தும் சிவப்புத் துணிப் பூ. அதை விற்று வரும் காசு சீமைப் பட்டாளக் குடும்பங்களுக்குப் போகிறது, நம்மவர்களுக்கு ஒன்றுமில்லை என்று கொழும்பில் படித்த பொடியன்கள் சிலர் பேசினார்கள். அதற்கு எதிராக அவர்கள் பூவரசம் பூ விற்றார்கள். அந்தக் கதை எங்கள் பக்கம் பத்திரிகையில் வந்த அளவுக்குத்தான் தெரியும். வாவிக்கரை முழுக்கப் பூவரசு நிற்கிறது. ஒருவரும் அதைப் பறித்து நெஞ்சில் குத்தியதை நான் காணவில்லை.

அந்தக் கார்த்திகையில் நகரத்து மைதானத்தில் எங்களுக்கும் உத்தியோகத்தர் கூட்டத்துக்கும் ஆட்டம் வைத்தார்கள். கச்சேரிப் பெரிய துரை பார்க்க வருகிறார். எனக்கு அது ஆட்டம் மட்டும் அல்ல. நான் நிரப்பிய நிலம் முடிக்குரிய காணி. உறுதி இல்லை, ஓலை இல்லை. கழகத்துக்கு அதை எழுதித் தரும்படி கச்சேரிக்கு மனுக் கொடுத்துக் காத்திருந்தேன். முதல் நாள் பின்னேரம் கச்சேரிக் கிளாக்கர், ஒரு பறங்கிக்காரர், அட்டைப் பெட்டியில் பதினொரு பூக்களைக் கொண்டுவந்து தந்தார். விருப்பமானவர்கள் குத்தலாம் என்றார். விருப்பமானவர்கள் என்றுதான் சொன்னார். என் காதில் அது விழவில்லை. பூவைக் குத்தினால் மைதானம், குத்தாவிட்டால் சேறு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கல்லடிப் பாலத்தடியில் எல்லோரும் கூடினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொருவராகக் குத்தினேன். தென்சேரிப் பொடியன் ஒருவன், தன்னைக் கலியாண மாப்பிள்ளை ஆக்கிவிட்டதாகச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தான். கடைசியில் நெசவுக்காரனிடம் வந்தேன். பூவை நெஞ்சுக்குக் கொண்டுபோனதும் என் மணிக்கட்டைப் பிடித்தான். கடகம் பிடித்த அதே பிடி.

"எனக்கி வேணாம் மச்சான்."

"எல்லாரும் குத்திட்டானுகள். ஒரு நாளைக்குத்தானேடா. கொம்பு முடிஞ்சா சேரி முடியிற மாதிரி, ஆட்டம் முடிஞ்சா கழட்டி எறி" என்றேன்.

"சேரி ஒனக்குப் பொறக்கக்குள்ளயே வந்திச்சி. இத நீ குத்துற, நான் காட்டிக்கிட்டு நிக்கிற. காக்காட பேரு இல்ல எண்டு உம்மாக்கிட்டச் சொன்னாங்களே, அதுக்கு நானும் ஓம் எண்ட மாதிரி. பூ இல்லாம நான் விளையாடுறன். ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

துரை பார்ப்பார், மைதானம் போய்விடும் என்றேன். என் மூன்று வருஷத்தையும், வண்டியையும், மாட்டையும், பனையையும் சொன்னேன். இப்போது இந்தத் தாளில் எழுதினேனே, அதேதான், அதே ஒழுங்கில். எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

அப்போது நான் சொன்னேன்:

"அப்ப சட்டையக் கழட்டு. அது கழகத்துச் சட்டை."

பூவைப் பற்றிச் சிரித்த அந்தத் தென்சேரிப் பொடியன்தான் வாய் திறந்தான். "அது அவர்ட தறியில வந்த சட்டை அண்ணன்" என்றான்.

"நூல் வாங்கினது நான்" என்றேன்.

நெசவுக்காரன் சட்டையைக் கழற்றினான். நெசவுக்காரர்கள் துணி மடிப்பது போல, மூலைக்கு மூலை பிடித்து, கையால் நீவி, நாலாக மடித்துப் பாலத்துக் கம்பியின் மேல் வைத்தான். பிறகு திரும்பி நடந்தான். கல்லடி, நாவற்குடா தாண்டிக் காத்தான்குடி வரைக்கும், பகல் வெளிச்சத்தில், மழையில், வெறும் மேலோடு. ஓதிப் படித்த குடும்பத்துப் பிள்ளை. வீட்டு முற்றத்தில்கூடச் சட்டை இல்லாமல் நான் அவனைக் கண்டதில்லை.

சட்டையை என் மச்சினனுக்குப் போட்டு, பூவைக் குத்தி, அவனைக் கோலுக்குள் நிறுத்தினேன். ஆட்டம் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் இருந்து "வடக்க", "தெக்க" என்று சொல்லக் குரல் இல்லை. வடசேரிக் கால் வடசேரிக் காலைத் தேடியது. தென்சேரிப் பொடியன் கோல் வாயில் தனியாக நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஒருவரும் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. ஐந்து கோல் வாங்கினோம். மழை வலுத்தது. பூக்களின் சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைச் சட்டைகளில் வயிறு வரை ஓடியது. எதிர்க் கூட்டத்தைப் பார்த்தேன். மழைக்குப் பழுதாகும் என்று அவர்களில் பலர் பூவை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து கிளாக்கர் என்னிடம் வந்தார். "அந்த நெசவுக்காரர் எங்க? துரை அவர்ட பிடியப் பாக்கத்தான் வந்தவர். சுகமில்லையோ எண்டு கேக்கிறார்" என்றார்.

ஓம், சுகமில்லை என்றேன்.

"உங்கட மைதானக் கடதாசியில போன கிழமையே கையெழுத்து வச்சாச்சி. நாளைக்கு வந்து எடுங்கோ" என்றார் அந்த மனிதர், எனக்குச் சந்தோஷச் செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அன்றைக்கு வீட்டில் நான் நடந்ததைச் சொன்னபோது பெண்சாதி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கட சேரிக்காரர் கொம்ப முறிச்சிப்போட்டுத் தோத்து வருவாங்க. நீங்க ஆள முறிச்சிப்போட்டு வந்திருக்கிறீங்க" என்றாள். என் வீட்டில் எனக்கு விழுந்த வசைகளில் அது ஒன்றுதான் இன்று வரை ஆறவில்லை.

சட்டைகளை வண்ணானிடம் கொடுத்தேன். சிவப்புப் போகவில்லை. வெள்ளையாக்குவது என் தொழில்தானே, அவனுக்கு என்ன தெரியும் என்று பதினொன்றையும் வாங்கிவந்து, என் கையால் காரமாகச் சுண்ணாம்புத் தண்ணீர் கலக்கி ஊறப்போட்டேன். கறை கொஞ்சம் வெளுத்தது. மூன்றாம் நாள் தூக்கியபோது துணி கையோடு கிழிந்து வந்தது. சுண்ணாம்பு நூலைத் தின்றுவிட்டது. இருபது வருஷம் சுண்ணாம்போடு கிடந்தவனுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அவசரத்தில் காரத்தைக் கூட்டிவிட்டேன். நீலக் கரை மட்டும் துண்டு துண்டாய் மிதந்தது. அவன் நெய்ததில் ஒரு சாண் துணிகூட என்னிடம் மிஞ்சவில்லை.

ஆறு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் வேறு வேலை பார்த்தது. மைதானத்துக்குக் கடதாசி வந்துவிட்டது, வேலி அடித்துவிட்டேன், கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருக்கிறேன், வந்து பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் தறியை நிறுத்தாமல் கேட்டான். நாடா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்ப் போய் வந்தது.

"நீ கட்டினது எல்லாம் நல்லா இரிக்கும் மச்சான். ஒன்ட கையில ஒண்டும் பிழையாப் போறல்ல. நான் வாறல்ல" என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திரும்பக் கோபித்திருப்பேன். எனக்கு அது சுகம். அவன் சும்மா சொன்னான்.

வெளியே வந்தபோது உம்மா கதவு மறைவில் நின்று கூப்பிட்டா. "அவன் கோவிக்கல்ல மகன். அவனுக்கு வெக்கம். கடைத்தெரு முழுக்கச் சட்ட இல்லாம வந்தான். அதுக்குப் பொறகு பகல்ல அந்தப் பக்கம் போறல்ல" என்றா.

அடுத்த பெரிய சண்டை வந்தது. பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்பியது, என் சூளை இரவு பகலாக எரிந்தது, இரண்டாவது சூளையையும் அப்போதுதான் கட்டினேன். அந்த வருஷங்களில் ஒரு நாள், அவன் காய்ச்சலில் போய்விட்டதாகச் சிப்பி ஏற்ற வந்தவன் சொன்னான். காய்ச்சல் வந்ததும் எனக்குத் தெரியாது. மூன்று மைல் தூரத்தில் இருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள். உம்மாவின் முன்னால் நின்றேன். மகன் இருங்க என்று சொல்லித் தண்ணீர் தந்தா. தறி மூடிக் கிடந்தது. பக்கத்தில் அந்தத் தகரப் பெட்டி.

வெள்ளைக்காரன் போன அன்று எங்கள் மைதானத்தில் சிங்கக் கொடி ஏற்றி ஆட்டம் வைத்தார்கள். கழகத்துக்காரர்கள் ஒரு தட்டில் கடதாசிக் கொடிகளை வைத்து, ஊசியோடு, ஒவ்வொருவர் நெஞ்சிலும் குத்திக்கொண்டு வந்தார்கள். என்னை முன் வரிசையில் இருத்தியிருந்தார்கள். எனக்கும் குத்தினார்கள். நான் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமும் இல்லை, பழக்கமும் இல்லை. பிறகு செயலாளர் ஒலிபெருக்கியில் பேசினார். இந்த மண்ணின் மானத்துக்காகச் சிவப்புப் பூவை உதறி, பூவரசம் பூவைக் குத்தி நின்ற எங்கள் கோல்கீப்பரை வெள்ளைத்துரை மைதானத்தை விட்டுத் துரத்தினான் என்றார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். என் கை தட்டுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைதட்டலோடு அவனை இரண்டாம் தரம் நான் பாலத்தடியில் விட்டுவிட்டேன். அவனுக்கு அவர்கள் கொடுக்கிற பூவும் அவன் கேட்காத பூ. அவன் எந்தப் பூவையும் குத்தவில்லை. அதுதான் அவன் செய்தது, வேறு ஒன்றும் செய்யவில்லை. அவன் நாட்டுக்காக நின்றானா என்றால் எனக்குத் தெரியாது. அவன் தன் காக்காவுக்காக நின்றான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஆகவே கழகத்துக்காரருக்குச் சொல்கிறேன், இதை வாசிக்கிற எல்லோரும் சாட்சி. கல் நாட்டுங்கள். பூவரசம் பூவை வெட்டாதீர்கள். அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். வெள்ளைத்துரை என்ற சொல்லை எடுங்கள். வேறு பாவம் அவர்களுக்கு எவ்வளவோ இருக்கலாம், இது அவர்களுடையது அல்ல. மைதானத்தைக் கட்டியது நான் என்று எழுதுங்கள், அது உண்மை. வடசேரியையும் தென்சேரியையும் ஒரு கூட்டமாக்கியது அவன் என்று எழுதுங்கள், அதுவும் உண்மை. அதன் கீழே, அவன் நெய்த சட்டையை அவன் மேலிலிருந்து கழற்றி வாங்கியவன் நான் என்று எழுதி, என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கல்லுக்குப் பீடம் கட்டச் சுண்ணாம்பு என் சூளையில் இருந்துதான் வரவேண்டும். என் பங்கு அந்தக் கல்லில் ஏறும் வரை ஒரு கடகம்கூடத் தரமாட்டேன்.